பதினொரு மாடிக்குப் போதுமான இங்கிலிஷ்

மேர்வின் ஒரு நாளைக்கு எழுபது எண்பது தடவை மேலே போய்க் கீழே வருகிற மனிதர். ஸ்ட்ரெதம் பக்கமாக எழும்பிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடத்தின் வெளிப்புறத்தோடு ஒட்டி ஏறி இறங்குகிற இரும்புக் கூண்டு அவர் பொறுப்பில் இருந்தது. கட்டட வேலை நடக்கிற சைற்றில் அதை ஹொயிஸ்ற் என்பார்கள். ஆட்களும் சாமான்களும் அதில்தான் மேலே போகவேண்டும். சீமெந்துப் பை, யன்னல் கண்ணாடி, குளியலறைப் பீங்கான், றொமேனியாக்காரரின் வானொலிப் பெட்டி, கானாக்காரரின் மத்தியானச் சாப்பாடு, கொம்பனியின் பெரிய தலைகள் என்று எல்லாவற்றையும் ஒரே கதவால் ஏற்றி ஒரே கதவால் இறக்குவார். நிலத்திலிருந்து உச்சிக்குப் போக 'அருள் நிறைந்த மரியே' மூன்று தரம் சொல்லி முடிக்கிற நேரம் எடுக்கும். அவர் மன்னார்ப் பேசாலைக்காரர். அந்த ஊர்ச் சனத்துக்கு நேரத்தை அப்படித்தான் அளக்க வரும்.

கூண்டுக்குள் ஏறுகிறவர்கள் அதை ஓட்டுகிறவரை ஓர் ஆளாகக் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் எல்லாவற்றையும் அவர் முன்னாலேயே கதைத்துவிடுவார்கள். யாருக்கு வேலை போகப்போகிறது, யார் வீட்டில் சண்டை, எந்த மாடியில் எந்தச் சுவர் கோணல் என்பதெல்லாம் அலுவலகத்துக்குத் தெரியுமுன் மேர்வினுக்குத் தெரியும். கேட்டதை இன்னொருவருக்குச் சொல்லமாட்டார். சைற்றுக்குச் சைற் மாறிக்கொண்டு பதினேழு வருசம் ஒரே கொம்பனியில் தாக்குப்பிடித்ததற்கு இந்த வாய்ப்பூட்டுத்தான் காரணம் என்பது அவருடைய நம்பிக்கை. வயது ஐம்பத்து நாலு. தம்பி தங்கைமாரை ஒவ்வொருவராக லண்டனுக்குக் கூப்பிட்டு முடிப்பதற்குள் கலியாண வயது எப்படியோ கடந்துபோய்விட்டது.

கடைசித் தங்கை கிளறிற்றாவும் அவள் கணவன் ஓர்லாந்தோவும் அவரோடு ஒரே வீட்டில் இருந்தார்கள். ஓர்லாந்தோ தென்னமெரிக்காவில் எக்குவடோர் நாட்டுக்காரன். குவெங்கா என்ற மலைநகரத்தில் சிவில் எஞ்சினியருக்குப் படித்து, ஸ்பெயினில் சில வருசம் வேலை செய்து, அங்கே கட்டட வேலை படுத்தபோது லண்டனுக்கு வந்தவன். கிளறிற்றாவும் அவனும் சந்தித்தது மாதா கோயில் மண்டபத்தில். அந்தக் கோயிலில் ஞாயிறு பின்னேரம் தமிழ்ப் பூசை முடிய ஸ்பானிஷ் பூசை. இரண்டு சனத்துக்கும் ஒரே மண்டபம், ஒரே தேத்தண்ணிக் கேத்தல். கேத்தலைக் கழுவாமல் வைத்தது தமிழரா ஸ்பானிஷ்காரரா என்று விசாரிக்கப்போன தங்கை, விசாரணை முடிவில் கலியாணம் கட்டிக்கொண்டு வந்தாள் என்று மேர்வின் வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லுவார்.

ஆறு வருசத்தில் ஓர்லாந்தோவுக்குத் தமிழ் பிடிபட்டுவிட்டது. 'ற' அவன் நாக்கில் பேசாலைக்காரரைவிட நன்றாக உருளும். 'ழ' கிட்டவும் வராது. மேர்வினை மச்சான் என்று கூப்பிடவேண்டியவன், மனைவி கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு 'அண்ணை' என்றே பழகிவிட்டான். திருத்தப்போன சொந்தக்காரர்கள் களைத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

அவனும் அதே கொம்பனியில்தான், எட்டு வருசமாக உதவி எஞ்சினியர். முக்காலியில் கருவியை நிறுத்தி மட்டம் பார்ப்பதிலிருந்து கொன்கிறீற் ஊற்றுவது வரைக்கும் அந்தக் கட்டடத்தில் அவன் கை படாத மாடி இல்லை. ஹவுன்ஸ்லோவில் ஒரு பள்ளிக்கூடம் கட்டும் வேலை கொம்பனிக்குக் கிடைத்து, அதற்கு ஒரு சைற் மனேச்சரைத் தேடினார்கள். ஓர்லாந்தோ விண்ணப்பித்தான். மார்ச் மாதத்தில், காற்று மிஞ்சி ஹொயிஸ்ற்றை நிறுத்திவைத்திருந்த ஒரு நாள் அதற்குப் பதில் வந்தது. இல்லை என்று எழுதியிருந்தார்கள். காரணமாக அவனுடைய வருடாந்த மதிப்பீட்டிலிருந்து ஒரு வரியை எடுத்துப் போட்டிருந்தார்கள்.

ஓர்லாந்தோ கடிதத்தோடு வந்து மேர்வினின் சின்னக் கொட்டிலுக்குள் இருந்தான். மேர்வின் குடுவையிலிருந்து இஞ்சி போட்ட பிளேன்ரீயை ஊற்றி, பனங்கட்டித் துண்டு ஒன்றையும் கையில் வைத்தார். ஓர்லாந்தோ கடிதத்தை நாலாக மடித்து, பிறகு எட்டாக மடித்து, சட்டைப்பைக்குள் வைத்தான். காற்றுக் குறைந்ததும் இரண்டு பேரும் எழும்பி வேலைக்குப் போனார்கள்.

அடுத்த ஞாயிறு வீட்டில் விருந்து. ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில் எக்குவடோர்க்காரர் ஒரு கூழ் காய்ச்சுவார்கள். பன்னிரண்டு வகைப் பயறு கடலை, பூசணிக்காய், பால், உப்பிட்டுக் காயவைத்த மீன் எல்லாம் சேர்த்து ஒரு முழு நாள் அடுப்பில் கிடக்கும். அந்த ஊர்க் காய்ந்த மீன் கிடைக்காத முதல் வருசம் கிளறிற்றா மன்னார்க் கட்டாக் கருவாட்டைப் போட்டாள். அன்றிலிருந்து ஓர்லாந்தோவின் நண்பர்கள் அந்தக் கூழுக்காகவே கேட்டு வருகிறார்கள். மேர்வின் அதற்கு எக்குவடோர்க் கூழ் என்று பெயர் வைத்திருந்தார். ஊர்க் கூழுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாலைத் தவிர வேறு குறை சொல்ல முடியாது என்பது அவர் தீர்ப்பு.

அன்றைக்கு நாலு குடும்பம் வந்திருந்தது. ஆண்களில் இரண்டு பேர் கொலம்பியாக்காரர், ஒருவர் பெரு நாட்டுக்காரர். நாலாவது ஆள் மரிசோல். பொலிவியாக்காரி, எந்த வேலை எந்தக் கிழமை முடியவேண்டும் என்று கொம்பனிக்கு அட்டவணை போடுகிறவள். எல்லாருமே அதே கொம்பனி, வேறு வேறு சைற். எல்லாருமே அங்கே பட்டம் பெற்று, இங்கே உதவி என்ற சொல்லை முன்னால் போட்ட பதவியில் இருப்பவர்கள். மரிசோல் கொண்டுவந்த, உள்ளே கறி அடைத்துப் பொரித்த பலகாரத்துக்கு அவர்கள் எம்பனாடா என்று பெயர் சொன்னார்கள். மேர்வின் அதைப் பற்றிஸ் என்று சொல்லி நாலைத் தின்றார்.

சாப்பாட்டுக்கு நடுவில் கிளறிற்றா கணவனுடைய கடிதத்தை எடுத்து எல்லாருக்கும் கேட்க வாசித்தாள். அந்த வரி இப்படி இருந்தது. 'தொழில்நுட்ப அறிவு திருப்திகரமானது; எனினும்...' அவள் அந்த 'எனினும்' என்ற இடத்தில் மூச்செடுக்க நின்றாள். நின்ற இடத்திலிருந்து மரிசோல் பாராமலே சொல்லி முடித்தாள். 'எனினும் குழுவை வழிநடத்தத் தேவையான தொடர்பாடல் திறன் இன்னும் வளரவேண்டும்.'

கிளறிற்றா தாளைப் பார்த்தாள். சொல்லுக்குச் சொல் சரி.

இது எப்படித் தெரியும் என்று கேட்டபோது மரிசோல் தன் கைத்தொலைபேசியில் தன்னுடைய மதிப்பீட்டை எடுத்துக் காட்டினாள். பெருக்காரர் தன்னுடையதைத் தேடினார். கொலம்பியாக்காரரில் ஒருவருக்கு மூன்று வருசமாக அதே வரி வந்திருந்தது. ஒவ்வொரு வருசமும் மாலை நேர இங்கிலிஷ் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழும் எடுத்திருக்கிறார். மேசையில் கடிதத்தைச் சுற்றி நாலு திரை ஒளிர்ந்தது. முதலில் யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, பெருக்காரருக்குப் புரைக்கேறிவிட்டது. சிரிப்பு அடங்கின பிறகு, எட்டு வருசமாக என்னில்தான் பிழை என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்று ஓர்லாந்தோ ஸ்பானிஷில் சொன்னான். கிளறிற்றாவுக்குத் தெரிந்த முப்பது ஸ்பானிஷ் சொல்லுக்குள் அது அடங்காது. ஆனாலும் அவளுக்கு விளங்கிவிட்டது.

கூழ்ச் சட்டி காலியாகிற நேரத்துக்கு ஒரு சங்கம் பிறந்திருந்தது. கட்டட வேலையில் இருக்கிற ஸ்பானிஷ் பேசும் எஞ்சினியர்கள், அளவையாளர்கள், அட்டவணைக்காரர் எல்லாருக்கும் சேர்த்து. தலைவி மரிசோல். எழுத்து வேலைகளுக்கு, கோயிலின் பங்குச் சபையில் பன்னிரண்டு வருசம் கூட்டக் குறிப்பு எழுதிப் பழகிய கிளறிற்றா. முதல் வேலையாக ஐந்து பேரும் கையெழுத்து வைத்துக் கொம்பனிக்கு ஒரு முறைப்பாடு கொடுப்பது.

வந்தவர்கள் போன பிறகு சட்டிகளைக் கழுவிக்கொண்டு கிளறிற்றா தமையனிடம் ஒரு விசயம் சொன்னாள். ஓர்லாந்தோவுக்கு ஸ்பெயினில், வலென்சியாவில், ஒரு நல்ல வேலை கேட்டு வந்திருக்கிறது. ஓகஸ்ட் வரைக்கும் தவணை.

"இங்கை சரிவந்தால் நிப்பம், அண்ணை. சரிவராட்டில் போகத்தான் வேணும். அவர் எத்தினை வருசத்துக்கு உதவி எண்டு இருக்கிறது?"

மேர்வின் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தட்டு எப்போதோ காய்ந்துவிட்டது.

"நாங்கள் போனால் நீங்கள் தனியச் சமைச்சுச் சாப்பிடுவியளே?" என்று கேட்டாள்.

சமைப்பது பெரிய விசயமில்லை என்று அவர் சொன்னார். அது உண்மைதான். சமைத்ததைத் தனிய இருந்து தின்பதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

முறைப்பாட்டை ஏற்றுக்கொண்டு கொம்பனி இரண்டு கிழமையில் பதில் போட்டது. விசாரணைக் கூட்டத்துக்கு ஐந்து பேர் சார்பில் ஓர்லாந்தோவும் மரிசோலும் வரலாம், துணைக்கு ஒருவரைக் கூட்டிவரலாம். அந்த ஆள் தொழிற்சங்கத்தின் ஆளாகவோ, அதே கொம்பனியில் வேலை செய்பவராகவோ இருக்கவேண்டும். ஐந்து பேரும் எந்தத் தொழிற்சங்கத்திலும் சேர்ந்திருக்கவில்லை. கொம்பனிக்குள் நல்லவர்கள் இருந்தார்கள். கேட்டபோது ஒவ்வொருவருக்கும் அந்த நாளில் ஏதோ ஓர் அலுவல் இருந்தது. கடைசியில் எல்லார் கண்ணும் மேர்வினில் வந்து நின்றது.

ஏலாது என்றுவிட்டார். தான் கதவு திறந்து பூட்டுகிறவன் என்றும், எஞ்சினியர்மாருக்காக ஹொயிஸ்ற் ஓட்டுகிறவன் கதைக்கப்போனால் அவர்களுடைய வழக்கும் கெட்டுத் தன்னுடைய வேலையும் கெடும் என்றும் சொன்னார். ஓர்லாந்தோ வற்புறுத்தவில்லை. "பரவாயில்லை, அண்ணை," என்றான். கிளறிற்றா மூன்று நாள் சோற்றைப் போட்டு, கறியை ஊற்றி, மூடிவைத்துவிட்டு மேலே போய்விட்டாள். நாலாம் நாள் கறியில் உப்பும் இல்லை. வேண்டுமென்று போடவில்லையா, கோபத்தில் மறந்தாளா என்று மேர்வின் கேட்கத் துணியவில்லை. உப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு தின்றார்.

ஏப்ரல் நடுவில் பத்தாம் மாடித் தட்டுக்குக் கொன்கிறீற் ஊற்றுகிற நாள் வந்தது. விடிந்தபோதே மழை. கொன்கிறீற்றைக் கொண்டுவரும் லொறிகள் ஏழரைக்கு வரச் சொல்லியிருந்தது, மேலே பம்ப் பண்ணுகிற இயந்திரம் வந்து றோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. சைற்றுக்குப் பொறுப்பான டெரக் ஓட்டமும் நடையுமாக வந்து ஹொயிஸ்ற்றில் ஏறினார். பெரிய சரீரம், நல்ல மனுசன், அவசரக்காரர். அந்த மதிப்பீடுகளின் அடியில் இருந்த கையெழுத்து அவருடையது. அவருக்குப் பின்னால் ஓர்லாந்தோ, அவனுக்குப் பின்னால் இரும்புக் கம்பி கட்டுகிறவர்கள், பலகை அடிக்கிறவர்கள், ஊற்றுகிறவர்கள் என்று பதினாலு பேர் ஈரத்தோடு நெருக்கிக்கொண்டு ஏறினார்கள்.

மேர்வின் கதவைப் பூட்டி விசையை அழுத்தினார். கூண்டு ஏறத் தொடங்கியதும் டெரக் ஓர்லாந்தோவிடம் ஊற்றலாமா என்று கேட்டார்.

ஓர்லாந்தோ வேண்டாம் என்றான். மழை பதினொரு மணிக்கு விடும், அதுவரைக்கும் லொறிகளை ஆலையிலேயே நிற்கச் சொல்லவேண்டும் என்றான். பிறகு கம்பிக்காரர் பக்கம் திரும்பி, வடக்கு மூலையில் தேங்குகிற தண்ணீரை எடுத்துவிடச் சொன்னான். பலகைக்காரரிடம் விளிம்பை இன்னொரு தரம் பார்க்கச் சொன்னான். ஊற்றுகிறவர்களிடம் குழாயைச் சரிபார்த்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகச் சொன்னான். சின்னச் சின்ன வசனம், இலக்கணம் கொஞ்சம் முன்பின், 'ற' நன்றாக உருண்டது. டெரக் தொலைபேசியை எடுத்து அவன் சொன்னதை அப்படியே அலுவலகத்துக்குச் சொன்னார். கூண்டு பத்தாம் மாடியில் நின்றது. கதவைத் திறந்ததும் பதினாலு பேரும் ஆளுக்கொரு பக்கம் போய்த் தங்கள் தங்கள் வேலையைத் தொடங்கினார்கள். அவர்களில் றொமேனியாக்காரர், கானாக்காரர், பஞ்சாபிக்காரர், அயர்லாந்துக்காரர் எல்லாரும் இருந்தார்கள். ஒருவரும் 'என்ன சொன்னாய்?' என்று திருப்பிக் கேட்கவில்லை.

மழை பதினொன்றே காலுக்கு விட்டது. பின்னேரம் ஐந்து மணிக்குத் தட்டு கண்ணாடி போல மட்டமாகக் கிடந்தது. கீழே இறங்கும்போது டெரக் தொலைபேசியில் தலைமை அலுவலகத்தோடு கதைத்துக்கொண்டு வந்தார். நாங்கள் யோசித்துத்தான் நிறுத்திவைத்தோம் என்று சொன்னது மேர்வின் காதில் விழுந்தது. பக்கத்தில் ஓர்லாந்தோ சப்பாத்துச் சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்று இரவுச் சாப்பாட்டில் நண்டுக் கறி. கிளறிற்றா வழக்கம்போல மூடிவைத்துவிட்டு எழும்பினாள்.

"இரு பிள்ளை," என்றார் மேர்வின். "நான் வாறன் அந்தக் கூட்டத்துக்கு."

அவள் நின்ற நிலையில் திரும்பிப் பார்த்தாள். பிறகு மூடியைத் திறந்து, சட்டியில் இருந்ததிலேயே பெரிய நண்டுக்காலை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். கறியில் உப்பு சரியாக இருந்தது.

அடுத்த நாளே வேலை தொடங்கியது. கிளறிற்றா நாலு பக்கத்துக்கு இங்கிலிஷில் எழுதித் தந்தாள். 'மதிப்புக்குரிய இயக்குநர் அவர்களே' என்று தொடங்கிப் பந்தி பந்தியாகப் போயிற்று. மேர்வின் அதை ஹொயிஸ்ற்றுக்குள் ஒட்டிவைத்து, மேலே போகும்போது ஒரு பந்தி, கீழே வரும்போது ஒரு பந்தி என்று பாடமாக்கினார். ஏறுகிறவர்கள் எல்லாரும் அதை வாசித்தார்கள். மூன்றாம் பந்தியில் ஒரு சொல் பிழை என்று அயர்லாந்துக்காரர் பென்சிலால் திருத்தியும் விட்டார்.

கூட்டத்துக்கு முதல் நாள் பிரீத்தா சைற்றுக்கு வந்தாள். கோயம்புத்தூர்ப் பெண், கொம்பனியில் ஊழியர் விவகாரப் பிரிவில் இருக்கிறவள். மேலே ஏதோ கையெழுத்து வாங்கப் போகவேண்டும் என்று ஏறினாள். ஒட்டியிருந்த தாளைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"அண்ணா, நாளைக்கு நோட்ஸ் எடுக்கறது நான்தான். யார் பக்கமும் நான் பேச முடியாது. ஆனா ரூல் என்னன்னு யாராவது கேட்டா, சொல்றது என் வேலை."

மேர்வின் கொஞ்சம் யோசித்தார். "அப்ப, ரூல் என்ன பிள்ளை?"

"துணைக்கு வர்றவங்க பேசலாம். கேஸை எடுத்துச் சொல்லலாம், முடிவுல தொகுத்துச் சொல்லலாம். அவங்களைக் கேள்வி கேட்டா மட்டும் அவங்களே பதில் சொல்லணும், நீங்க சொல்லக்கூடாது. நீங்க கண்ணால பாத்தது ஏதாவது இருந்தா, அதை நீங்க தாராளமா சொல்லலாம்."

பத்தாம் மாடியில் இறங்கப்போனவள் திரும்பி, அந்தத் தாளை நாளைக்குக் கொண்டுவராமல் விட்டாலும் பிழையில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கூட்டம் சைற் அலுவலகத்தில், தகரக் கூரை போட்ட பெரிய பெட்டி அறைக்குள் நடந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஹெலன் என்ற இயக்குநர் வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், குறைவாகக் கதைக்கிற பெண்மணி. டெரக் ஒரு பக்கம், பிரீத்தா ஒரு பக்கம். வெளியே தூறிக்கொண்டிருந்தது. ஹொயிஸ்ற்றை ஓட்ட வேறொரு ஆளை விட்டிருந்தார்கள். அவன் ஒவ்வொரு மாடியிலும் இடித்து நிறுத்துகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் மேர்வின் கதவுப் பக்கம் திரும்பினார்.

மரிசோல் ஐந்து தாளை மேசையில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக வைத்தாள். அந்த வரிக்கு மட்டும் மஞ்சள் பூசியிருந்தாள். ஹெலன் முதலாவதை வாசித்தார். இரண்டாவதை வாசித்தார். மூன்றாவதோடு கண்ணாடியைக் கழற்றிவிட்டு டெரக்கைப் பார்த்தார்.

டெரக்கின் கழுத்து சிவந்துவிட்டது. மற்ற சைற்றுகளின் படிவங்களும் தன்னிடம்தான் வரும், முப்பத்திரண்டு பேருக்கு ஒரே பின்னேரத்தில் எழுதவேண்டியிருந்தது, வரியை எடுத்துப் போட்டது பிழைதான் என்று ஒத்துக்கொண்டார். ஆனால் சொன்ன விசயம் பொய்யில்லை என்றார். சைற்றில் ஒரு சொல் பிழையாக விளங்கினால் உயிர் போகும். மனேச்சராக இருப்பவர் சொல்வது எல்லாருக்கும் உடனே விளங்கவேண்டும்.

ஹெலன் ஓர்லாந்தோவிடம் பதில் கேட்டார். மேர்வின் வாயைத் திறக்கப்போய், பிரீத்தா சொன்ன விதி நினைவுக்கு வந்து மூடிக்கொண்டார். ஓர்லாந்தோ அவசரப்படவில்லை. டெரக்கைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். எட்டு வருசத்தில் நான் சொன்னது உங்களுக்கு விளங்காமல் போன ஒரு நாளைச் சொல்லமுடியுமா?

டெரக் நேர்மையாக யோசித்தார். எனக்கு விளங்கும், எனக்குப் பழகிவிட்டது, புதிய ஆட்களுக்கு எப்படியிருக்கும் என்பதுதான் என் கவலை என்றார். ஹெலன் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். அந்தப் பதிலில் நியாயம் இருப்பதுபோலப் பட்டது. மரிசோலின் முகம் வாடியது.

அப்போது மேர்வின் எழும்பினார். எழும்பத் தேவையில்லை, ஆனால் இருந்துகொண்டு கதைக்க அவருக்கு வரவில்லை. மதிப்புக்குரிய இயக்குநரில் தொடங்கும் நாலு பக்கமும் தலையைவிட்டுப் போயிருந்தது. பத்தாம் மாடி ஊற்றின நாளைச் சொல்லத் தொடங்கினார். மழை, லொறிகள், கூண்டுக்குள் யார் யார் எங்கே நின்றார்கள், டெரக் என்ன கேட்டார், ஓர்லாந்தோ என்ன சொன்னான் என்று ஒன்றும் விடாமல் தன்னுடைய இங்கிலிஷில் சொன்னார். அந்தப் பதினாலு பேரில் மூன்று பேர் அன்றுதான் முதன்முதலாக இந்தச் சைற்றுக்கு வந்தவர்கள் என்றார். அது டெரக்குக்கும் தெரியாது. ஒவ்வொரு புது முகத்திடமும் எந்த மாடி என்று கேட்டு இறக்கிவிடுகிறவருக்குத்தான் தெரியும். அந்த மூன்று பேரும் மற்றவர்களைப் போலவே இறங்கிப்போய் வேலையைத் தொடங்கினார்கள்.

"நிலத்திலையிருந்து பத்தாம் மாடி மட்டும் இந்த மனுசன்ரை இங்கிலிஷ் எல்லாருக்கும் விளங்குது," என்றார். அதை அவர் இங்கிலிஷில் சொன்னாலும் உள்ளே ஓடியது இப்படித்தான். "இந்தக் கந்தோருக்குள்ளை வந்தாப் பிறகுதான் அது காணாமல் போகுது. அது ஏனெண்டு எனக்கு விளங்கேல்லை. நான் ஹொயிஸ்ற் ஓடுறவன். அதாலை கேக்கிறன்."

முதலில் கதைத்தது டெரக். அன்று காலை தான் நினைத்தபடி உடனே ஊற்றியிருந்தால் பத்தாம் மாடியை உடைத்துத் திரும்பச் செய்யவேண்டி வந்திருக்கும் என்றார். பிறகு, அதை யார் தடுத்தது என்று தலைமை அலுவலகத்துக்குத் தான் சொல்லவில்லை என்றும் சொன்னார். அதைச் சொல்ல அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் சொன்னார். பிரீத்தாவின் பேனை வேகமாக ஓடியது.

ஹெலன் தாள்களை அடுக்கிவைத்துக்கொண்டு, பத்து நாளில் முடிவை எழுத்தில் தருவேன் என்றார். எழும்புகிற நேரத்தில் மேர்வினைப் பார்த்து, உங்களுக்கென்று சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். மரியாதைக்குக் கேட்ட கேள்விதான். மேர்வின் இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். பதினேழு வருசத்தில் அப்படி ஒருவரும் கேட்டதில்லை என்பதால் அவர் அதை உண்மையான கேள்வியாகவே எடுத்துக்கொண்டார்.

ஒன்பது வருசத்துக்கு முன் அறிவித்தல் பலகையில் ஒரு பயிற்சி போட்டிருந்தார்கள் என்றார். சுமை தூக்குகிற வேலைகளுக்கெல்லாம் மேற்பார்வையாளராகிற பயிற்சி. அவருக்கு மிகவும் விருப்பம். படிவத்தையும் எடுத்தார். அதில் நன்றாகக் கதைக்கத் தெரிந்திருக்கவேண்டும் என்று ஒரு வரி இருந்தது. படிவத்தை, சுத்தியல் குறடு வைக்கிற ஆயுதப்பெட்டியின் அடியில் போட்டுவிட்டார்.

"எனக்கு ஒருத்தரும் உந்தக் கடிதம் அனுப்பேல்லை," என்றார் மஞ்சள் பூசிய தாள்களைக் காட்டி. "நானே எனக்கு எழுதிப்போட்டன்."

ஓர்லாந்தோ ஆறு வருசமாக அவரோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறவன். அவனுக்கும் இது புதிது. அவன் எழும்பி வந்து மச்சானுக்குப் பக்கத்தில் நின்றான். தமிழில், "அண்ணை, ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" என்று கேட்டான். கேட்டால்தானே சொல்ல வரும் என்று மேர்வின் முணுமுணுத்தார். பிரீத்தா எழுதுவதை நிறுத்திவிட்டு யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த பயிற்சி ஜூலையில் இருக்கிறது என்று டெரக் சொன்னார்.

பத்து நாள் என்றது பதினாலு நாளாகியது. கடிதம் வந்தபோது கிளறிற்றா அதை நின்றபடியே இரண்டு தரம் வாசித்தாள். ஐந்து மதிப்பீடுகளையும் நீக்கிவிட்டார்கள். இனி ஆளை முன்னால் வைத்துக்கொண்டு இரண்டு பேர் சேர்ந்துதான் எழுதவேண்டும். ஹவுன்ஸ்லோப் பதவிக்கு நேர்முகம் மறுபடியும் நடக்கும். மாதம் ஒரு தடவை சங்கத்தின் ஆட்கள் இயக்குநரோடு இருந்து கதைப்பார்கள்.

எல்லாம் கைமேல் கிடைத்துவிடவில்லை. பெருக்காரர் கேட்ட பதவி உயர்வு இன்னும் இழுபட்டுக்கொண்டுதான் இருக்கிறது. மாதாமாதக் கூட்டத்தில் அவர் அதைக் கிளப்பாத மாதம் இல்லை. மூன்று வருசம் இங்கிலிஷ் வகுப்புக்குப் போன கொலம்பியாக்காரருக்கு அளவைப் பகுதியின் பொறுப்பைக் கொடுத்தார்கள். அவர் பழக்கதோசத்தில் வகுப்பை விடவில்லை. வேறு கொம்பனிகளில் இருக்கிற ஸ்பானிஷ்காரர்களும் சங்கத்தில் வந்து சேர்ந்து, மே மாதக் கூட்டத்துக்குக் கோயில் மண்டபத்தை எடுக்கவேண்டியதாகிவிட்டது. ஓர்லாந்தோவுக்கு ஜூன் முதல் கிழமையில் ஹவுன்ஸ்லோ வேலை கிடைத்தது. சைற் மனேச்சர் என்று எழுதிய தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு குசினிக்குள் வந்து நின்றான். கிளறிற்றா அதைக் கழற்றி அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு, மரவள்ளிக்கிழங்கை உரிக்கச் சொன்னாள். வலென்சியாவுக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் போயிற்று. அன்றைக்கு மேர்வின் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, வயிறு சரியில்லை என்று தோட்டத்தில் கொஞ்ச நேரம் நடந்தார். வயிறு நன்றாகத்தான் இருந்தது.

ஜூலையில் பயிற்சி. குறொய்டனில் ஒரு வகுப்பறை, பன்னிரண்டு பேர், முக்கால்வாசிப்பேர் முப்பதுக்குள். மேர்வின் பூசைக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு, அரை மணித்தியாலம் முந்திப்போய் முன்வரிசையில் இருந்தார். பயிற்றுநர் மான்செஸ்டர் பக்கத்து மனுசன். அவருடைய இங்கிலிஷ் மேர்வினுக்கு முதல் கால் மணித்தியாலம் ஒன்றுமே விளங்கவில்லை. பக்கத்தில் இருந்த லண்டன் பெடியனுக்கும் விளங்கவில்லை என்று அவனே சொன்ன பிறகு மனம் ஆறிப்போயிற்று.

ஒவ்வொருவரும் எழும்பி, தான் யார், இந்தப் பயிற்சிக்கு ஏன் வந்தேன் என்று இரண்டு நிமிசம் சொல்லவேண்டும் என்றார் பயிற்றுநர். மேர்வினின் முறை வந்தது. கையை மேசையில் ஊன்றி எழும்பினார். ஹொயிஸ்ற்றில் தொடங்கினார். காற்று எவ்வளவு அடித்தால் நிறுத்தவேண்டும், புதிய ஆள் ஓட்டினால் மாடியில் எப்படி இடிக்கும் என்று சொன்னார். பத்தாம் மாடி ஊற்றின மழை நாளுக்கு வந்தார். ஓர்லாந்தோவைச் சொல்லவேண்டியிருந்தது, ஓர்லாந்தோவைச் சொன்னால் கோயில் கேத்தலைச் சொல்லாமல் முடியாது. ஐந்து கடிதம், மஞ்சள் வரி, ஹெலனின் கேள்வி, கருவாடு போட்ட எக்குவடோர்க் கூழ் என்று போய்க்கொண்டே இருந்தது. பின்வரிசைக்காரர்கள் கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். பயிற்றுநர் மணிக்கூட்டை ஒருமுறை பார்த்தார், இன்னொரு முறை பார்த்தார், பிறகு கையை மெல்ல உயர்த்தினார். மிச்சத்தைத் தேநீர் இடைவேளையில் கட்டாயம் கேட்கிறோம், இப்போது மற்றவர்களுக்கும் கொஞ்சம் இடம் விடவேண்டும் என்றார்.

மேர்வின் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கதிரையில் இருந்தார். இருந்த பிறகுதான், எல்லாவற்றையும் சொன்னவர் தன்னுடைய பெயரைச் சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது. மறுபடியும் எழும்பினார்.